எட்வின் சாரைப் பார்த்தால் மட்டும் சிரிக்கிறாள்

செப்டம்பர் 6, புதன்

டாக்டரம்மா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். "தூக்கம், சாப்பாடு, கோபம், புதுசா ஏதாவது பேச்சு, எல்லாத்தையும் தேதி போட்டுக் குறிச்சு வைங்க. உங்க ஞாபகத்தை நம்பி நான் மருந்து மாத்த முடியாது" என்றார். காப்பர் வயர் கம்பெனியில் வருஷா வருஷம் கொடுக்கிற டைரி கடையில் சும்மா கிடந்தது. எடுத்து வந்தேன்.

நோயாளி வசந்தாமணி, வயது 38. கோபியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். நான் அவள் கணவன் குழந்தைவேல், மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கல்யாணமாகிப் பதினாலு வருஷம். குழந்தை இல்லை.

ஆகஸ்ட் 20 ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நம்பியூர் ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தோம். கறுப்பு நாய் ஒன்று குறுக்கே வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவள் தூக்கி எறியப்பட்டாள். நெற்றிக்குப் பின்னால் மூளை இரண்டு இடத்தில் கன்றிப்போயிருக்கிறதாம். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் ஐசியூ. இப்போதுதான் வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள்.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு.

இன்று ஒன்றரை இட்லி. டியூபைப் பிடுங்குவதால் கைகளைக் கட்டிலோடு கட்டி வைத்திருக்கிறார்கள். என்னைக் காட்டி "இவரு யாரு?" என்று நர்ஸ் கேட்டாள். "தண்ணி கேன் போடறவரு" என்றாள்.

செப்டம்பர் 9, சனி

எட்வின் சார் வந்தார். அவள் பள்ளியில் அறிவியல் வாத்தியார். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். ஒன்பது வருஷமாக இருவரும் ஒரே ஸ்டாஃப் ரூம்.

"என்ன டீச்சரே, இப்படிப் படுத்துட்டா பிள்ளைங்களுக்கு யாரு கணக்கு எடுக்கது?" என்றார்.

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். "எட்வின் சார்" என்றாள். தட்டுத் தடுமாறவே இல்லை. சிரித்தாள்.

மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. கூட இருந்த கொழுந்தியா சாந்தாமணி அழுதுவிட்டாள். நர்ஸ் கைதட்டினாள். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நானும் சந்தோஷப்பட்டேன் என்று எழுதிக்கொள்கிறேன்.

செப்டம்பர் 14, வியாழன்

இன்று முதல் முறையாக என் பெயரைச் சொன்னாள். "குழந்தைவேலை உள்ள விடாதீங்க" என்று நர்ஸிடம் சொன்னாள்.

செப்டம்பர் 23, சனி

டிஸ்சார்ஜ். டாக்டரம்மா அரை மணி நேரம் உட்கார வைத்து விளக்கினார். கை கால் நன்றாக இருப்பதால் குணமாகிவிட்டது என்று நினைக்கக் கூடாதாம். அடிபட்ட இடம், ஒரு வேலையை ஆரம்பிப்பது, நிறுத்துவது, கோபத்தை அடக்குவது, எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாது என்று பார்ப்பது, எல்லாவற்றுக்கும் பொறுப்பான இடமாம். சத்தமும் வெளிச்சமும் தாங்காது. சீக்கிரம் களைத்துவிடுவாள். புதிதாக நடப்பது மனதில் நிற்காது. தேறுவதற்கு மாதங்கள் ஆகும், சிலது வருஷங்கள்.

"அந்த ஞாயித்துக்கிழமை ஞாபகம் எப்ப டாக்டர் வரும்?" என்று கேட்டேன்.

"வராது. அது மூளையில பதியவே இல்லைங்க. பதியாதது எப்படித் திரும்பி வரும்?"

கோயம்புத்தூரிலிருந்து கோபி வரைக்கும் காரில் தூங்கிக்கொண்டே வந்தேன். ஒரு மாதமாக அப்படித் தூங்கியதில்லை.

அக்டோபர் 2, திங்கள்

வாசனை தெரியவில்லை அவளுக்கு. பால் பொங்கி அடுப்பெல்லாம் தீய்ந்த நாற்றம். பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறாள். நான் ஓடிப் போய் அணைத்ததும் "ஏன் அணைச்சீங்க?" என்கிறாள்.

காலையில் குளிக்கச் சொன்னேன். சரி என்று போனாள். இருபது நிமிஷம் கழித்துப் பார்த்தால் பக்கெட்டுக்கு முன்னால் உடையோடு நிற்கிறாள். சோம்பேறித்தனம் இல்லையாம். வண்டி இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, கிக்கர் மட்டும் உடைந்திருக்கிறது. இப்படி நானாகத்தான் புரிந்துகொண்டேன்.

பயிற்சி கொடுக்க வாரம் மூன்று நாள் ஹசீனா என்று ஒரு பெண் வருகிறாள். படங்களைக் காட்டிப் பெயர் கேட்கிறாள். ரசம் வைப்பதை எட்டு அட்டையில் எழுதி வரிசையாக அடுக்கச் சொல்கிறாள். தப்பாக அடுக்கினாலும் வசந்தாமணி அவளைப் பார்த்து "தேங்க்ஸ் மா" என்கிறாள். அதே ரசத்தை நான் வைத்துக் கொடுத்தால் "போடா, உப்பே இல்லை" என்று தட்டைத் தள்ளுகிறாள்.

பதினாலு வருஷத்தில் என்னை வாடா போடா என்றதில்லை. மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

ஹசீனாவிடம் சொன்னேன். "வெளியாளுங்க முன்னாடி இழுத்துப் பிடிச்சு நல்லா இருப்பாங்க சார். அது அரை மணி நேரத்துக்குத்தான் தாங்கும். ரொம்ப நம்பறவங்ககிட்டத்தான் உடைவாங்க. நீங்க அதை நல்லதா எடுத்துக்கணும்."

எல்லார் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். எடுத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். டாக்டரம்மா எல்லாவற்றையும் எழுதச் சொல்லியிருக்கிறார்.

பள்ளியிலிருந்து தலைமை ஆசிரியை, இரண்டு டீச்சர்கள், எட்வின் சார், நாலு பேர் பார்க்க வந்தார்கள். நல்ல புடவை கட்டி உட்கார வைத்திருந்தேன். எட்வின் சார் பலாப்பழ வற்றல் கொண்டு வந்திருந்தார். அவளுக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

தலைமை ஆசிரியை, "எட்வின் சார்தான் உங்க வகுப்பையும் சேர்த்துப் பாத்துக்கறாரு டீச்சர்" என்றார்.

"எட்வின் சார் இங்க வரக் கூடாதுங்க மேடம்" என்றாள் அவள். கோபமாக இல்லை. வகுப்பில் பாடம் சொல்கிற குரலில் சொன்னாள். "எங்க வீட்டுக்காரருக்குப் பிடிக்காது. நான் குளிக்கப் போனா என் போனை எடுத்துப் பாப்பாரு. ஸ்கூல் விட்டுப் பத்து நிமிஷம் லேட்டானா கேட் கிட்ட வந்து நிப்பாரு. ஆண்டு விழா போட்டோவுல எட்வின் சார் பக்கத்துல நின்னேன்னு மூணு நாள் பேசலை."

சாந்தா காப்பித் தட்டோடு கதவருகில் நின்றுவிட்டாள்.

"தலையில அடிபட்டதுல இருந்து இப்படித்தானுங்க, என்னென்னமோ பேசறா" என்றேன்.

எட்வின் சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வற்றலைத் தின்றுகொண்டே வசந்தாமணி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

அக்டோபர் 11, புதன்

கோயம்புத்தூர். வலிப்பு மாத்திரை அப்படியே தொடர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னேன். எல்லார் முன்னாலும் கண்டபடி பேசிவிட்டாள், அதற்கு ஏதாவது மருந்து உண்டா என்று கேட்டேன்.

"கண்டபடின்னா? இல்லாததைச் சொன்னாங்களா?" என்றார் டாக்டரம்மா.

நான் மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தேன்.

"நம்ம எல்லாருக்கும் வாய்க்கு முன்னாடி ஒரு வடிகட்டி இருக்குங்க. அவங்களுக்கு அதுலதான் அடி. வடிகட்டி போனா புதுசா எதுவும் ஊறாது. உள்ள இருந்தது வரும்."

இன்று வெயில் அதிகம்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. கடையைக் கழுவிப் பொட்டு வைத்துவிட்டு, அவள் போனோடு உட்கார்ந்தேன். கண்ணாடி உடைந்துபோய் இரண்டு மாதமாகப் பீரோவில் கிடந்தது. பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் அவள் வைத்துக்கொண்டதில்லை, நான் விட்டதில்லை.

எட்வின் சாரும் அவளும் எழுதிக்கொண்டதை ஆரம்பத்திலிருந்து படித்தேன். பரீட்சை அட்டவணை. லீவு. ஒன்பதாவது பி-யில் யாரோ ஒரு பிள்ளைக்குக் கண்ணாடி வாங்கித் தருவது. தலைமை ஆசிரியையின் புதுப் பேனாவைப் பற்றி ஒரு கிண்டல். அவர் மனைவி அனுப்பிய பலாப்பழ போட்டோ. மத்தியானம் மூன்று மணி வரைக்கும் தேடினேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் எரிச்சல் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. அந்தப் பேனா கிண்டலுக்கு அவள் வரி நிறையச் சிரித்து எழுதியிருக்கிறாள். அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

பிறகு அவளுக்கு நான் அனுப்பியதைத் திறந்தேன். எங்கே இருக்கே. ஏன் லேட். யாரு கூட. போன் ஏன் பிஸி. எங்கே இருக்கே. விரலால் தள்ளத் தள்ள அதுவேதான் வந்துகொண்டிருந்தது.

கடைசியாக வந்த அழைப்பு ஆகஸ்ட் 20, மாலை 3.42. எட்வின் சார். எடுக்கப்படாத அழைப்பு. அதை மட்டும் அழித்தேன்.

நவம்பர் 5, ஞாயிறு

ஹசீனா ஒரு நீல நோட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறாள். நடப்பதையெல்லாம் அதில் எழுத வேண்டும், காலையில் எழுந்ததும் முந்தின நாள் பக்கங்களைப் படிக்க வேண்டும். "இனிமே இதுதான் டீச்சர் உங்க ஞாபகம்." வசந்தாமணி அதை விடுவதே இல்லை. நான் பக்கத்தில் போனால் கையால் மறைத்துக்கொள்கிறாள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தின் மேல் இப்படி வயிறு எரியும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இன்று கேட்டாள். "எனக்கு எப்படி அடிபட்டுச்சுங்க?"

"நாய் குறுக்க வந்துச்சு."

"என்ன நாயி?"

"செவலை நாய்" என்றேன்.

எழுதிக்கொண்டாள்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. முதல் சரவெடிக்கே காதைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்குள் ஓடிவிட்டாள். ஈரத் தரையில் சுருண்டு உட்கார்ந்து அலறினாள். தொடப் போனேன். அறைந்தாள். சாந்தா போய் மேலே போர்வையைப் போர்த்திக் கட்டிக்கொண்டதும் கொஞ்சம் அடங்கினாள். எனக்கு அங்கே வேலை இல்லை.

வெளியே வந்து, எங்கள் வீதியில் பதினேழு வீட்டுக்கும் போனேன். "கொஞ்சம் மெயின் ரோட்டுல போய் வெடிச்சுக்கறீங்களா, வீட்டுல தலையில அடிபட்டவ இருக்கறா" என்று கேட்டேன். எதிர்வீட்டுக்காரர், "நேத்துப் பாத்தனே, நல்லாத்தானுங்க இருக்கறாங்க?" என்றார். பாக்க அப்படித்தானுங்க இருக்கும் என்றேன். டாக்டரம்மா என்னிடம் சொன்னதையெல்லாம் அவர் வாசலில் நின்று சொன்னேன். அவர் பிள்ளைகளும் கேட்டார்கள். பட்டாசுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

மத்தியானம் வரை வீதி முனையில் நின்றேன். பைக்கில் வருகிறவர்களைக்கூட ஹாரன் அடிக்காமல் போகச் சொன்னேன். வீட்டுக்குப் போனபோது அவள் சாந்தா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். சாந்தா மேல் பொறாமையாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்தப் போர்வை மேல்கூட.

நவம்பர் 20, திங்கள்

சாயந்திரம் நீல நோட்டை விரித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். பிள்ளைகளைப் பலகைக்குப் பக்கத்தில் நிற்கவைத்துக் கேள்வி கேட்பாளே, அந்த முகம்.

"சாந்தாகிட்டக் கறுப்பு நாய்னு சொல்லியிருக்கீங்க. எங்கிட்டச் செவலைன்னு சொல்லியிருக்கீங்க. போன வெள்ளிக்கிழமை ஹசீனா கேட்டப்ப ரெண்டு நாய்னு சொன்னீங்க. எழுதி வெச்சிருக்கறேன். எது சரி?"

"மணி, அது வந்து..."

"எனக்கு மூளையில அடிங்க. உங்களுக்கு இல்லையே. நீங்க ஏன் மாத்தி மாத்திச் சொல்றீங்க?"

உட்கார்ந்தேன். சொல்லாமல் இருந்தால் அவளுக்கு எப்போதும் தெரியப் போவதில்லை. பதியாதது வராது என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார். அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"நாய் எதுவும் வரலை" என்றேன்.

சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். பைக்கில் வரும்போது அவள் போன் அடித்தது. யாரு என்றேன். ஸ்கூல்ல இருந்து என்றாள். ஸ்கூல்ல யாரு என்றேன். பதில் சொல்லாமல் கைப்பைக்குள் போட்டாள். காட்டுடி என்று கத்தினேன். இடது கையைப் பின்னால் நீட்டிப் பையைப் பிடித்து இழுத்தேன். அவள் விடவில்லை. முன்னால் வேகத்தடை இருந்தது, நான் பார்க்கவில்லை. ஹெல்மெட் ஒன்றுதான். அது என் தலையில்.

அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையை.

"எழுதிக் கொடுங்க" என்றாள். "நான் எழுதினா நானே கதை கட்டிட்டேன்னு நாளைக்குத் தோணும். உங்க கையெழுத்துல எழுதுங்க. தேதி போட்டுக் கையெழுத்தும் போடுங்க."

எழுதினேன். ஒரு பக்கமும் நாலு வரியும் வந்தது.

நவம்பர் 21, செவ்வாய்

காலையில் எழுந்து படித்தாள். அந்தப் பக்கத்துக்கு வந்ததும் நின்றாள். "இது நெசமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். டம்ளரை எடுத்து எறிந்தாள். காப்பி சுவரெல்லாம்.

நவம்பர் 22, புதன்

படித்தாள். "இது நெசமா?" ஆமாம். மத்தியானம் வரை அழுதாள்.

நவம்பர் 24, வெள்ளி

படித்தாள். இன்று "ஒரே ஹெல்மெட்டா?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் குளிக்கும்போது நோட்டு மேஜை மேல் இருந்தது. அந்தத் தாளின் ஓரத்தைப் பிடித்தேன். நூல் தைத்த நோட்டு, இழுத்தால் சத்தமில்லாமல் வந்துவிடும். நாளைக் காலை அவள் என்னை மறுபடியும் மாமா என்று கூப்பிடலாம். எட்வின் சாருக்குச் சிரித்ததில் பாதியாவது எனக்குச் சிரிக்கலாம். ஆனால் அது யாரைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு? நாய் குறுக்கே வந்த ஒருத்தனைப் பார்த்து. அவன் மேலும் எனக்குப் பொறாமை வரும்.

நோட்டை மூடி, பேனாவை மேலே வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 30, வியாழன்

படித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. "தெரியும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். பத்து நாளில் அது உள்ளே போய்விட்டது. ஞாபகம் தேறுகிறது என்று ஹசீனா சந்தோஷப்பட்டாள். எது பதிந்திருக்கிறது என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 3, ஞாயிறு

வசந்தாமணி சாந்தாவின் வீட்டுக்குப் போய்விட்டாள். மொடச்சூர்தான், இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. தானே புடவைகளை எடுத்து வைத்தாள். அட்டையில் வரிசை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக டிக் அடித்து எடுத்து வைத்தாள். யாரும் ஆரம்பித்துக் கொடுக்கவில்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு அவளாக ஆரம்பித்து அவளாக முடித்த முதல் வேலை.

சாந்தாவுக்கு எல்லாம் தெரியும். நோட்டைப் படித்திருக்கிறாள். வாசலில் என் முகத்தைப் பார்க்காமல், "மாத்திரை எத்தனை வேளைன்னு எழுதிக் குடுங்க மச்சான்" என்றாள்.

டிசம்பர் 19, செவ்வாய்

எட்வின் சார் கடைக்கு வந்தார். பள்ளித் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்றார். மோட்டாரைக் கொண்டு வரவில்லை.

"டீச்சர் ஜனவரியில ஒரு பீரியட் மட்டும் எடுத்துப் பாக்கட்டுமான்னு ஹெச்.எம். கேட்டாங்க. டாக்டர் சரின்னுட்டாங்க" என்றார்.

"எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க?"

"வேற யாருகிட்டச் சொல்லதுக்கு?" என்றார். "அன்னைக்கு நான் போன் பண்ணது, திங்கக்கிழமை சூப்பர்விஷன் டூட்டி மாறிட்டுன்னு சொல்லத்தான். நான் கூப்பிட்ட நேரத்துலதான் டீச்சர் விழுந்தாங்கன்னு நாலு மாசமா என் பெண்டாட்டி கேக்கா, ஏன் ஞாயித்துக்கிழமை கூப்பிட்டிய, திங்கக்கிழமை காலையில சொல்லியிருக்கக் கூடாதான்னு. எனக்கும் தூக்கம் இல்ல சார்."

அவரும் அதைச் சுமந்துகொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. உட்காருங்க சார் என்றேன். டீ சொன்னேன். அவர் டீ குடிக்கும்போதும் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் மேல் தப்பில்லை, போன் அடித்ததால் யாரும் விழவில்லை என்று சொன்னேன். வாய்விட்டுச் சொன்னேன்.

ஜனவரி 3, புதன்

பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டேன். சாந்தா ஆட்டோவில் கூட்டிவந்து விட்டாள். கறுப்புக் கண்ணாடி, காதில் பஞ்சு, கையில் நீல நோட்டு.

எட்டாம் வகுப்பு கீழ்த்தளத்தில் ரோட்டைப் பார்த்த ஜன்னல். பலகையில் ஒரு கணக்குப் போட ஆரம்பித்தாள். நாலாவது வரியில் நின்றுவிட்டாள். சாக்பீஸ் அப்படியே அந்தரத்தில். அரை நிமிஷம் இருக்கும். ரோட்டைத் தாண்டி ஓடத்தான் நினைத்தேன். ஒரு பெண் பிள்ளை எழுந்து என்னவோ சொன்னது. வசந்தாமணி திரும்பிப் பலகையைப் பார்த்தாள், தலையில் லேசாகத் தட்டிக்கொண்டாள், சிரித்தாள். வகுப்பே சிரித்தது. எட்வின் சார் அந்தப் பக்கமே இல்லை. லேப் மாடியில் இருக்கிறது.

அந்தச் சிரிப்பு அவருக்கென்று இருந்ததே இல்லை. எங்கெல்லாம் அவளை யாரும் காவல் காக்கவில்லையோ, அங்கெல்லாம் அது இருந்திருக்கிறது.

மணி அடித்ததும் வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, ரோட்டைத் தாண்டி அவளாகவே வந்தாள்.

"நல்லா எடுத்தே மணி" என்றேன்.

"ஒரு வரியில மாட்டிக்கிட்டேன்."

"பாத்தேன்." அதோடு விட்டிருக்கலாம். "வீட்டுக்கு எப்ப வர்றே?" என்று கேட்டுவிட்டேன்.

கண்ணாடியைக் கழற்றாமல் என்னைப் பார்த்தாள். "இப்ப எனக்கு ஒரு நேரத்துல ஒண்ணுதான் யோசிக்க முடியும். இன்னைக்கு அந்தக் கணக்கு. அது முடிஞ்சுது, இனித் தூங்கணும். நீங்க கேட்டது எப்ப வருதோ அப்ப யோசிக்கறேன்."

ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

மூன்று மணிக்குச் சாந்தா போன் செய்தாள். "அக்கா வந்ததுல இருந்து தூங்கறா மச்சான். படுக்கறப்ப, உங்ககிட்ட என்னமோ சொல்லணும்னா."

"என்னது?"

"என்னன்னு கேக்கறதுக்குள்ள மறந்துட்டேன்னா. எழுதி வெக்கலையாம். எழுப்பிக் கேக்கட்டுமா?"

"வேண்டாம் சாந்தா. தூங்கட்டும்."

கடையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருக்கிறேன், கை ஓடவில்லை. மணி ஐந்தே முக்கால். எழுந்திருப்பாள் இந்நேரம். ஞாபகம் வந்திருந்தால் கூப்பிடுவாள். நானாகக் கூப்பிடவில்லை.